கண்ணுக்கு ஒரு காமிரா, கணக்குக்கு ஒரு காமிரா

(மேல்நிலை வகுப்பு அறிவியல் மன்ற மாணவியர்)

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் மொழி. காமிராவால் காண்பதும் அவ்வாறே என்பதை இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தார் பட்டறிந்தோம்.

கைபேசியில் காமிரா இல்லாத வீடு இன்று அரிது. பிறந்தநாள், பள்ளி விழா, ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் அதில் பிடித்துப் பார்த்து மகிழ்கிறோம். அதே காமிராவை ஓர் அறிவியல் சோதனைக்கு அளவுகருவியாகக் கொண்டால் என்ன நேரும்? தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இதற்கென வேறு வகைக் காமிராக்களை வைத்திருக்கிறார்களே, அவை எவ்வகையில் வேறுபட்டவை? இக்கேள்விகளுக்கு நாங்கள் கண்ட விடைகளைத் தோழியருடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு குழு, இரண்டு விடை

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்காக, புவியீர்ப்பு முடுக்கத்தைக் காமிராவின் உதவியால் அளந்து காட்டுவதென்று முடிவு செய்தோம். சோதனை எளியது. ஆய்வகத்திலுள்ள இரும்புக் குண்டு ஒன்றை 1 மீட்டர் உயரத்திலிருந்து மணல் தட்டின்மேல் விழவிட வேண்டும். அதைக் கைபேசியில் சலனப்படமாக எடுக்க வேண்டும். எங்கள் ஆசிரியையின் கைபேசி வினாடிக்கு 60 படங்கள் எடுக்கக்கூடியது. குண்டு விழுந்து முடிய எத்தனை படங்கள் ஆயின என்று எண்ணி, அதை 60ஆல் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். உயரத்தை 2ஆல் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம் வந்துவிடும். பாடநூலில் 9.8 என்று படிக்கிறோம். தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 9.78 மீட்டர்/வினாடி².

இரண்டு குழுவாகப் பிரிந்து, நண்பகல் வெயிலில் முற்றத்தில் சோதனையை நடத்தினோம். ஒவ்வொரு குழுவும் பத்து முறை குண்டை விழவிட்டுச் சராசரி எடுத்தது. முதற் குழுவினருக்கு 26.1 படங்கள் வந்தன, முடுக்கம் 10.6. இரண்டாம் குழுவினருக்கு 28.1 படங்கள் வந்தன, முடுக்கம் 9.1. ஒரே கைபேசி, ஒரே குண்டு, ஒரே முற்றம். விடைகள் மட்டும் வேறு வேறு!

கண்காட்சிக்கு ஒன்பது நாட்களே இருந்தன. விளக்கப் படங்கள் இன்னும் வரையப்படவில்லை. “இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 9.85 வருகிறது, அதையே எழுதிவிடுவோமே” என்றாள் ஒருத்தி. “அதுகூட வேண்டாம், 9.8 என்று எழுதினால் எவர் கேட்கப்போகிறார்?” என்றாள் மற்றொருத்தி. உண்மையைச் சொல்வதானால், எங்களில் பலருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. அப்போது எங்கள் இயற்பியல் ஆசிரியை, “சரியான விடை புத்தகத்திலேயே இருக்கிறது. அதை எழுதுவதற்குக் குண்டு எதற்கு, காமிரா எதற்கு? உங்கள் இரண்டு விடைகளும் ஏன் வேறுபட்டன என்பதுதான் இப்போது உங்கள் சோதனை” என்றார். இரண்டு விடைகளையும் அழிக்காமல் குறிப்பேட்டில் எழுதிவைத்தோம்.

நீண்ட குண்டும் குறுகிய குண்டும்

மறுநாள் படங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தபோது ஒரு புதுமை தென்பட்டது. முதற் குழுவின் படங்களில், தரையை நெருங்கும்போது குண்டு முட்டை போல நீண்டிருந்தது. இரண்டாம் குழுவின் படங்களிலோ பணியாரம் போலச் சற்றே தட்டையாக இருந்தது. இரும்புக் குண்டு இரப்பர்ப் பந்தன்றே! குற்றம் குண்டில் இல்லை, காமிராவில்தான் என்று அப்போது புரிந்தது.

இரு குழுக்களின் ஏற்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். முதற் குழுவினர் கைபேசியைப் படுக்கைவாட்டில் வைத்தபோது மின்னேற்றும் துளை வலப்பக்கம் இருந்தது. இரண்டாம் குழுவினர் வைத்தபோது இடப்பக்கம் இருந்தது. அதாவது, ஒரு குழுவின் காமிரா மற்றதற்குத் தலைகீழாக இருந்திருக்கிறது. கைபேசி தானாகவே படத்தை நிமிர்த்திக் காட்டிவிட்டதால் எவரும் இதைக் கவனிக்கவில்லை. உடனே இரு குழுவினரும் கைபேசியைத் திருப்பி வைத்துச் சோதனையை மீண்டும் நடத்தினோம். என்ன வியப்பு! விடைகளும் இடம் மாறிக்கொண்டன.

காரணம் இதுதான். நம் கைபேசியிலும் சாதாரண எண்முறைக் காமிராக்களிலும் உள்ள ஒளியுணர் தகடு, ஒரு படம் முழுவதையும் ஒரே நொடிப்பொழுதில் பதிவு செய்வதில்லை. வரி வரியாகப் பதிவு செய்கிறது. வகுப்பில் ஆசிரியை முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். பெயர் கூப்பிடும் நேரத்தில் ஒரு பெண் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு ஓடினால், இரண்டு இடத்திலும் “உள்ளேன்” என்று சொல்லிவிடலாம் அல்லவா? விழுகின்ற குண்டு செய்வதும் அதுவே.

எங்கள் கைபேசி ஒரு படத்தை மேல்வரியிலிருந்து கீழ்வரி வரை பதிவு செய்ய ஏறத்தாழ 1/60 வினாடி எடுத்துக்கொண்டிருக்கிறது. 1 மீட்டர் உயரம் படத்தை மேலிருந்து கீழ்வரை நிரப்பியிருந்தது. குண்டு மேலே இருந்தபோது அதன் வரி உடனே பதிந்தது. அது கீழே வந்தபோது, அந்த வரியின் முறை வருவதற்குள் 1/60 வினாடி கழிந்துவிட்டது. படங்களை மட்டும் எண்ணிய நாங்கள் அந்தத் தாமதத்தைச் சேர்க்கவில்லை. எனவே நேரம் ஒரு படம் குறைந்தது, முடுக்கம் கூடியது. தலைகீழாக வைத்தபோது இதற்கு மாறாக நேரம் ஒரு படம் கூடியது, முடுக்கம் குறைந்தது. உண்மையில் வரவேண்டியவை 27.1 படங்கள். 26.1, 28.1 என்று எங்களைச் சண்டையிட வைத்தது இந்த ஒரே ஒரு படம்தான்!

குண்டின் உருவம் மாறியதற்கும் இதுவே காரணம். 1 மீட்டர் விழுந்த குண்டு வினாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வரிகள் குண்டு செல்லும் திசையிலேயே பதிவானால், 5 செ.மீ. குண்டு கணக்குப்படி 5.4 செ.மீ. உயரமாகத் தோன்ற வேண்டும். எதிர்த்திசையில் பதிவானால் 4.7 செ.மீ. ஆகத் தோன்ற வேண்டும். சுழலும் மின்விசிறியைக் கைபேசியில் எடுத்தால் அதன் இறக்கைகள் வாழையிலை போல வளைந்து தோன்றுவதும் இதனாலேயே. இன்று மாலை வீட்டில் எடுத்துப் பாருங்கள்.

காரணம் தெரிந்த பின்னர்தான் ஓர் உண்மை எங்களுக்கு விளங்கியது. முதல் நாளே சராசரி எடுத்திருந்தாலும் 9.85 தான் வந்திருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் சராசரி எடுப்பது பிழையை மறைப்பதாகும். காரணம் தெரிந்து எடுப்பது பிழையைத் திருத்துவதாகும். எண் ஒன்றே, நேர்மை வேறு.

இதுவா காமிரா?

எங்கள் சிக்கலைக் கேள்வியுற்ற மாணவி ஒருத்தியின் தந்தையார், தாம் பணிபுரியும் தொழிற்சாலையில் அனுமதி பெற்று, பழைய தொழில்துறைக் காமிரா ஒன்றை ஒரு வார காலத்திற்குக் கொணர்ந்து கொடுத்தார். மருந்துப் புட்டிகளின் மூடி நேராக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை அது பல ஆண்டுகள் செய்ததாம்.

பெட்டியைத் திறந்த எங்களுக்கு ஏமாற்றமே. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய உலோகப் பெட்டி. திரை இல்லை, பொத்தான் இல்லை, மின்கலம் இல்லை, படங்களைச் சேமிக்கும் அட்டையும் இல்லை. கணினியோடு கம்பியால் இணைத்தால்தான் வேலை செய்யும். லென்ஸைக் கையால் திருகி மாட்டி, குவியத்தையும் துளையையும் கையாலேயே சரிசெய்து, சிறு திருகாணியால் இறுக்கிவிட வேண்டும். இவ்வளவும் செய்தபின் திரையில் வந்த படமோ, மங்கலான கறுப்பு வெள்ளைப் படம்! “இதுவா காமிரா?” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆயினும், வினாடிக்கு 100 படம் என்று அமைத்துக் குண்டைப் பத்து முறை விட்டபோது 45.2 படங்கள் வந்தன, முடுக்கம் 9.79. காமிராவைத் தலைகீழாகக் கவிழ்த்து மீண்டும் எடுத்தோம். 45.3 படங்கள், முடுக்கம் 9.75. குண்டும் குண்டாகவே இருந்தது. அந்தக் காமிராவின் தகட்டில் எல்லா வரிகளும் ஒரே கணத்தில் ஒளியை ஏற்கத் தொடங்கி, ஒரே கணத்தில் நிறுத்துகின்றன. முன்னதை வருகைப் பதிவு என்றால், இதைக் குழுப் புகைப்படம் எனலாம். ஒளி ஏற்கும் நேரத்தையும் நாமே 1/2000 வினாடி என்று குறித்துவிடலாம். அந்நேரத்தில் குண்டு 2.2 மில்லிமீட்டர்தான் நகரும். ஆகவே படம் கலங்குவதில்லை.

அழகும் அளவும்

வேற்றுமை இதோடு முடியவில்லை. நம் கைபேசிக் காமிரா நம்மை மகிழ்விப்பதற்காகச் செய்யப்பட்டது. நாம் கேளாமலே அது பல உதவிகள் செய்கிறது. அவ்வுதவிகளே சோதனைக்கு இடையூறாகின்றன.

முதலாவது, வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. மயில்துத்தக் கரைசலை மூன்று செறிவுகளில் தயாரித்துத் தனித்தனியே படம் எடுத்தோம். நேரில் ஒன்றைவிட ஒன்று கருநீலமாயிருந்த கரைசல்கள் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. எல்லோருக்கும் சராசரி மதிப்பெண் ஒன்றாக வருமாறு கருணை மதிப்பெண் போடும் ஆசிரியைக்கு இதை ஒப்பிடலாம். மாணவியருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் எவள் படித்தாள் என்பது தெரியாமற் போய்விடும்!

இரண்டாவது, சாதாரணப் படத்தில் வெளிச்சம் 0 முதல் 255 வரையுள்ள எண்களால் குறிக்கப்படுகிறது. பாதி வெளிச்சத்திற்கு 128 இருக்கும் என்றுதானே நினைப்போம்? வழக்கமான முறைப்படி அது ஏறத்தாழ 188 என்று பதிவாகும். நம் கண் இருட்டிலுள்ள வேறுபாடுகளை நுட்பமாக உணர்வதால், கண்ணுக்கு ஏற்றவாறு எண்களை வளைத்துக் கொடுக்கிறார்கள். தொழில்துறைக் காமிராவோ பெரும்பாலும் நேர்விகிதத்தில் எண் தருகிறது: ஒளி பாதியானால் எண்ணும் பாதி. 12 பிட் காமிராவில் அந்த எண்கள் 0 முதல் 4095 வரை செல்வதால் நுட்பமும் கூடுகிறது.

மூன்றாவது, நிறம். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒளியுணர் புள்ளிகளில் பாதிக்குப் பச்சை வடிகட்டியும், கால்பங்கிற்குச் சிவப்பும், கால்பங்கிற்கு நீலமும் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கப்படுகின்றன. அதாவது, வண்ணப் படத்திலுள்ள எண்களில் மூன்றில் இரண்டு பங்கு ஊகமே! நிறம் தேவைப்படாத சோதனைகளுக்குக் கறுப்பு வெள்ளைக் காமிராவை விஞ்ஞானிகள் விரும்புவதன் காரணம் இது. நாங்கள் எள்ளி நகையாடிய அந்த மங்கலான படத்தில் ஒவ்வொரு புள்ளியும் அளந்து பெற்ற உண்மை.

நான்காவது, துப்புரவு. நீண்ட நேர ஒளிப்பதிவில் தனியே பளிச்சிடும் புள்ளியைத் தகட்டின் குறை என்று எண்ணிச் சில காமிராக்கள் தாமே துடைத்துவிடும். வானத்தைப் படம் எடுக்கும்போது சிறு நட்சத்திரங்களும் அவ்வாறு துடைக்கப்பட்டுப் போவதை வானியல் ஆர்வலர்கள் கண்டிருக்கிறார்கள். குப்பையைப் பெருக்கும்போது கம்மலையும் சேர்த்துப் பெருக்கிவிடுவது போன்றது இது.

‘எப்போது’ என்னும் கேள்வி

சோதனைக் காமிராவின் மற்றொரு சிறப்பு, சொன்ன கணத்தில் படம் எடுப்பது. 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையைவிட்டு எழுகின்றனவா என்பதை அறிய 12 காமிராக்களை வரிசையாக வைத்தார். ஓடுபாதையின் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரையே இழுத்து ஒவ்வொரு காமிராவையும் இயக்கியது. கால்கள் நான்கும் எழுகின்றன என்பது ஐயமற விளங்கியது.

இன்றைய தொழில்துறைக் காமிராவில் அந்த நூலுக்குப் பதிலாக ஒரு மின்கம்பி இருக்கிறது. புட்டி ஒன்று ஒளிக்கதிரைக் கடந்தவுடன் அக்கம்பி வழியே சைகை வரும். மிகச் சொற்ப நேரத்தில் படம் பதிவாகும். விளக்கும் அதே கணத்தில் மின்னும். கைபேசியில் நாம் பொத்தானைத் தொட்டபின், அது குவியம் பார்த்து, வெளிச்சம் பார்த்து, தனக்குத் தோன்றிய கணத்தில் எடுக்கும். பாட்டியின் புன்னகையைப் பிடிக்க அது போதும். வெடிக்கும் பலூனைப் பிடிக்கப் போதாது.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

இதனால் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கொள்ளலாகாது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேகரிக்கும் கருவிக்கு வித்திட்டனர். அதற்காக 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன், சுமார் 3.6 கிலோ எடையுள்ள எண்முறைக் காமிராவை உருவாக்கினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க அதற்கு 23 வினாடிகள் பிடித்தன. அந்தத் தொடக்கத்திலிருந்து ஒரு கிளை நம் கைக்கும், மற்றொரு கிளை தொழிற்சாலைக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் வளர்ந்து சென்றன.

கைபேசிக் காமிராவுக்கும் கழுத்தில் மாட்டும் காமிராவுக்கும் தமக்கென நற்குணங்கள் உண்டு. எங்கும் எடுத்துச் செல்லலாம். மின்கலமும் திரையும் நினைவகமும் உள்ளேயே இருக்கின்றன. தொழில்துறைக் காமிராவோ கணினியின்றி ஓரடி நகராது. 20 இலட்சம் புள்ளிகளுடன், புள்ளிக்கு ஒரு பைட் வீதம், வினாடிக்கு 100 படம் எடுத்தால் ஒரு நிமிடத்தில் 12 ஜிகாபைட் சேர்ந்துவிடும். அதை ஏற்கும் கணினி வேண்டும். இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். விலையும் கொடுக்க வேண்டும். எங்கள் ஒரு வாரத்தில் முதல் இரண்டு நாட்கள் மென்பொருளோடு மல்லுக்கட்டுவதிலேயே கழிந்தன.

மேலும், கழுத்தில் மாட்டும் காமிராக்கள் பலவற்றில், திருத்தம் செய்யாத மூலப்பதிவை அப்படியே சேமிக்கும் வசதி உண்டு. அதைக் கொண்டு உலகெங்கும் ஆர்வலர்கள் மாறுவிண்மீன்களின் ஒளியை அளந்து, 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறுவிண்மீன் நோக்குநர் சங்கத்திற்கு அனுப்பி வருகின்றனர். எனவே, காமிரா எது என்பதைவிட, அது என்ன செய்கிறது என்பதை நாம் அறிந்திருக்கிறோமா என்பதே முக்கியம்.

நம்மால் செய்யக்கூடியவை

கைபேசியை மட்டும் கொண்டு சோதனை செய்ய விரும்பும் தங்கையருக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

1. காமிராவைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் பொருத்துங்கள். குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள்.

2. நிறத்தையோ ஒளியையோ ஒப்பிடுவதானால், எல்லாப் பொருள்களையும் ஒரே படத்தில், ஒரே விளக்கின் கீழ் வையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் இருக்கட்டும்.

3. படத்தினுள் ஓர் அளவுகோலும், நேரம் முக்கியமானால் ஓடும் எண்முறைக் கடிகாரமும் தெரியும்படி எடுங்கள்.

4. அசையும் பொருளை ஒருமுறை நேராகவும் ஒருமுறை காமிராவைத் தலைகீழாக்கியும் எடுங்கள். விடைகள் வேறுபட்டால் அஞ்சாதீர்கள், இரண்டையும் எழுதிவையுங்கள்.

முடிவுரை

கண்காட்சியில் 10.6, 9.1, 9.79 என்ற மூன்று விடைகளையும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினோம். நீண்ட குண்டின் படத்தையும் குறுகிய குண்டின் படத்தையும் அருகருகே ஒட்டினோம். எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நடுவர்களுள் ஒருவர் நெடுநேரம் அப்படங்களின் முன் நின்று, தம் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சென்றார்!

காமிராவைத் திருப்பிக் கொடுக்கும் நாளன்று, அதன்மேல் எங்களுக்கு ஒரு மதிப்புத் தோன்றியிருந்தது. அழகாக இருக்க வேண்டுமென்று அது எதையும் கூட்டவில்லை. சங்கடமாயிருக்கிறதென்று எதையும் குறைக்கவில்லை. கண்டதைக் கண்டவாறே சொன்னது. நம்மைச் சிரித்த முகமாகக் காட்டும் காமிராவும் நமக்கு வேண்டும். இல்லத்தின் இனிய நினைவுகளுக்கு அதுவே ஏற்றது. ஆனால் குறிப்பேட்டைத் திறந்து பேனாவை எடுக்கும்போது, புத்தகத்து விடையை நோக்கி எண்களை வளைக்காமல், கண்டதைக் கண்டவாறே எழுதும் துணிவு நம் எல்லோருக்கும் வேண்டும். அத்துணிவை வளர்த்துக்கொள்ள முயல்வோமாக!